புதுப் பூச்சியை வயலில் விடும் முன் யோசியுங்கள்

மரவள்ளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த வெளிநாட்டுக் குளவி வந்த பிறகு, ‘மற்றப் பூச்சிகளுக்கும் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன?’ என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், அந்தக் குளவி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவுக்கு வாருங்கள்.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, சேலம், நாமக்கல் மாவட்டங்களிலும் பரவியது. ஆப்பிரிக்காவில் 1981 முதல் இதே பூச்சிக்கு எதிராக விடப்பட்ட ‘அனகைரஸ் லோபஸி’ என்ற ஒட்டுண்ணிக் குளவியை, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. தனிமைப்படுத்திய கூடத்தில் வளர்த்து, வேறு நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தீங்கு வருமா என்று சோதித்த பிறகே 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலுக்கு வந்தது.

இந்தச் சோதனை ஏன்? மருந்து தவறினால் அடுத்த முறை தெளிக்காமல் விடலாம். பூச்சி தவறினால் திரும்பப் பிடிக்க முடியாது. அது பெருகும், பறக்கும், அடுத்த மாநிலத்துக்கும் போகும். அசுவினியைத் தின்பதற்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விடப்பட்ட ஆசியப் பொறிவண்டு, அங்குள்ள உள்ளூர்ப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் தின்று பரவியது. திராட்சை அறுவடையில் குலையோடு சிக்கி, ஒயினின் சுவையையும் கெடுத்தது.

சோதித்து விட்டாலும் கண்காணிப்பு வேண்டும். பார்த்தீனியத்தை ஒழிக்க 1983-இல் மெக்சிகோவிலிருந்து வந்த வண்டு, சில ஆண்டுகளில் சூரியகாந்தி இலையையும் கடிக்கிறது என்று கர்நாடகத்தில் புகார் எழுந்தது. ஆராய்ந்ததில், அது சூரியகாந்தியில் பெருகுவதில்லை என்று தெரிந்தது. ஆனால், அதுவரை சூரியகாந்தி போட்டவர்கள் பட்ட கவலை கொஞ்சமல்ல.

எனவே, யாராவது புதுப் பூச்சி என்று பாட்டிலில் கொடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் பெயர் என்ன? எதையெல்லாம் தின்னும்? யார் அனுமதித்தது? 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, மத்திய அரசின் அனுமதியின்றி எந்தப் பூச்சியையும் இறக்குமதி செய்யக் கூடாது. பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுப் பூச்சி எல்லாமே ஆபத்து என்பதும் சரியல்ல. மாவுப்பூச்சிக்கு நாம் விடும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, நூறாண்டுக்கு மேல் இங்கே இருப்பதுதான். தென்னையில் சுருள் வெள்ளை ஈயைத் தாக்கும் என்கார்சியா குளவியும் ஏற்கெனவே நம் தோப்புகளில் இருக்கிறது. அதைக் காப்பாற்ற, தென்னைக்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிருங்கள். குளவி உள்ள ஓலைத் துண்டுகளை, வெள்ளை ஈ ஏற்கெனவே உள்ள தோப்புகளுக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஈ இல்லாத ஊருக்குக் கொண்டுபோனால் நீங்களே அதைப் பரப்பியதாகிவிடும்.

வயலில் பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால் மாதிரியுடன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.