செய்மதி வானொலி வாங்கப் போகிறீர்களா?

கொடிகாமத்தில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வீட்டிலும் மாறிமாறிப் பாவிக்கக்கூடிய செய்மதி வானொலிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டுமாம். எந்தக் கம்பனியின் பெட்டி நல்லது, கடையில் விற்பனைக்கும் நாலைந்து எடுத்துப் போடலாமா என்று கேட்கிறார். கனடாவில் இருக்கும் அவருடைய நண்பர் காரில் அப்படியொன்றைப் பூட்டி, ஊர் விட்டு ஊர் போனாலும் இரைச்சல் இல்லாமல் கேட்கிறாராம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம், கடைக்கும் எடுக்க வேண்டாம். சாதாரண வாடிக்கையாளர் சந்தா கட்டிக் கேட்கக்கூடிய செய்மதி வானொலிச் சேவை எதுவும் இன்று இலங்கையில் இல்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. இதே அச்சில் வார்த்த சாமான்கள் வேறு வேறு பெயர்களில் நமது கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

கனடா நண்பர் கேட்பது சிரியஸ் எக்ஸ்.எம். என்ற சேவை. எக்ஸ்.எம். 2001இலும் சிரியஸ் 2002இலும் அமெரிக்காவில் தொடங்கி, ஒன்றோடொன்று போட்டியிட்டுக் களைத்து, 2008இல் ஒன்றாகின. கனடாவுக்கு 2005இல் வந்தன. காரில் மட்டுமல்ல, ஹோண்டா கோல்ட் விங் போன்ற பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் இந்த வானொலியைப் பூட்டித் தந்தார்கள். வாசகருக்கு அந்த ஆசை வந்ததில் தவறில்லை. ஆனால் அந்தச் செய்மதிகள் ஒலியை அனுப்புவது அமெரிக்கக் கண்டத்துக்கு. கொடிகாமத்தில் நின்று அவற்றைத் தேடுவதானால் வானத்தை அல்ல, காலடி மண்ணைத்தான் பார்க்க வேண்டும். பூமிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. நண்பர் பெட்டியைப் பார்சலில் அனுப்பினால் விளக்கு எரியும், எழுத்துக்கள் ஓடும், அலை இல்லை என்று காட்டும். அவ்வளவுதான்.

நமது பக்கத்து வானத்திலும் ஒரு காலம் இப்படியொரு செய்மதி இருந்தது. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்ற சட்டத்தரணி 1990இல் தொடங்கிய வேர்ல்ட் ஸ்பேஸ் கம்பனியின் ஏசியாஸ்டார் அது. 2000 மார்ச் மாதம் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஏவப்பட்டு, கிழக்கு நெடுங்கோடு 105 பாகைக்கு மேலே நிறுத்தப்பட்டது. இதற்கு முன்னர் 1998இல் ஆபிரிக்காவுக்கென ஆபிரிஸ்டார் ஏவப்பட்டிருந்தது. வசதி குறைந்த நாடுகளுக்கும் நல்ல தரமான ஒலி போய்ச் சேர வேண்டும் என்பதே ஆரம்ப எண்ணம். ஹிட்டாச்சி, ஜே.வீ.சி., பனசோனிக், சான்யோ ஆகிய ஜப்பானியக் கம்பனிகள் பெட்டி செய்தன. பின்னர் இந்தியாவில் பீ.பீ.எல். செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத்துக்கு வந்தார். தமிழுக்கு, கர்நாடக இசைக்கு, உருது கஸலுக்கு என்று தனித்தனி அலைவரிசைகள் ஓடின. இடையில் விளம்பரத் தொல்லை இல்லாத பாட்டு. இரசிகர்கள் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

வியாபாரக் கணக்கு மட்டும் ஒருநாளும் சரிவரவில்லை. செய்மதி செய்து ஏவுவது பெருஞ்செலவு. சந்தாதாரர்களில் பெரும்பகுதி இந்தியாவில். அங்கே எப்.எம். நிலையங்கள் ஊருக்கு ஊர் இலவசமாகப் பாட்டுப் போடத் தொடங்கிய காலம் அது. 2005 ஓகஸ்டில் பங்கொன்று 21 டொலர் என்று சந்தைக்கு வந்த கம்பனி, 2008 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நின்றது. 2009ஆம் ஆண்டு முடியச் சில நாட்கள் இருக்கையில் இந்தியச் சந்தாதாரர்களுக்கு அறிவித்தல் போனது. டிசம்பர் 31உடன் சேவை நிறுத்தம். முன்கூட்டிக் கட்டிய சந்தாவின் மீதி மாதங்கள் கைவிட்டுப் போயின. வீட்டிலிருந்த பெட்டிக்கு எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் வாய் அடைத்துப்போனது.

ஜப்பானிலும் இதே கதைதான். 2004இல் தொடங்கிய மொபாஹோ என்ற செய்மதிச் சேவை 2009 மார்ச்சில் மூடப்பட்டது. அதே செய்மதியைப் பாவித்த கொரியச் சேவையும் 2012இல் நின்றது. ஜப்பான் பிந்திய கம்பனிகள் அல்ல, கொரியா ஏழை நாடும் அல்ல. அங்கேயே தாக்குப்பிடிக்காத தொழில் இது. அமெரிக்காவில் மட்டும் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. காரிலேயே பொழுதைக் கழிக்கும் மக்கள், புதுக் கார் செய்யும்போதே உள்ளே பூட்டிக்கொடுத்த கார்க் கம்பனிகள், கட்டிடங்கள் மறைக்கும் நகரங்களில் நிலத்தில் நட்ட மறுஒலிபரப்புக் கோபுரங்கள், இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் அது. மூன்றில் ஒன்றுகூட நமக்கு இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். செய்மதி வானொலியில் பெட்டி சரக்கே அல்ல, சேவைதான் சரக்கு. பெட்டியை வாங்குபவர் காசை மேசையில் வைத்துவிட்டுச் சரக்கின் தொண்ணூறு வீதத்தை இன்னொருவரின் கையிலேயே விட்டுவிட்டுப் போகிறார். ஆகவே ஒலித்தரம், பற்றரி, நிறம், விலை என்று பெட்டியைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னர் கேட்க வேண்டியவை வேறு. ஒலியை அனுப்புபவர் யார்? அவருக்கு இந்த நாட்டில் அலுவலகமும் அனுமதியும் உண்டா? அவர் நாளைக்குக் கடையைப் பூட்டினால் இந்தப் பெட்டி வேறெதற்காவது உதவுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்கு வானொலியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்னோட்டத்தில் செய்தி கேட்ட மக்கள் அவர்கள். அந்தப் பழைய பெட்டிக்குச் சந்தாவும் இல்லை, கம்பனியின் தயவும் வேண்டியதில்லை. பீ.பீ.சி. தமிழோசை சிற்றலையில் 2017 ஏப்ரல் 30 வரை வந்தது. அது நின்றபோதும் பெட்டி வீணாகவில்லை, முள்ளைத் திருப்பினால் இன்னொன்று பிடித்தது. ஒரு சேவை நின்றால் இன்னொன்றுக்குத் திரும்பக்கூடிய பெட்டியும், ஒரே கம்பனிக்கு அடிமையான பெட்டியும் விலையில் ஒன்றாக இருக்கலாம், பெறுமதியில் ஒன்றல்ல.

இனி வாசகர் கேட்ட மூன்று இடங்களுக்கு வருவோம்.

மோட்டார் சைக்கிளுக்கு அன்றும் இது சரிவந்திருக்காது. ஏசியாஸ்டார் கொடிகாமத்திலிருந்து பார்த்தால் கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து, ஏறத்தாழ 59 பாகை உயரத்தில் நின்றது. சிறு தட்டு அன்ரெனாவை அந்தத் திசைக்கு நேரே திருப்பி, நடுவில் ஒன்றும் மறைக்காமல் வைக்க வேண்டும். தென்மராட்சி வீதிகளை நினைத்துப் பாருங்கள். மா, பலா, தென்னை என்று இரு பக்கமும் சோலை. ஈர இலை இந்த அலையை நன்றாகவே தடுக்கும். பருத்தித்துறை வீதியில் ஒரு வளைவு திரும்பினால் அன்ரெனாவின் முகமும் திரும்பிவிடும். இந்தியாவில் இந்தக் குறையைப் போக்க மறுஒலிபரப்புக் கோபுரங்கள் அமைக்கும் திட்டம் பேச்சளவில் இருந்து, நடைமுறைக்கு வராமலேயே போனது. ஆகவே அங்கே அது கடைசிவரை வீட்டுச் சாமானாகவே இருந்தது. தவிரவும், ஏ9 வீதியில் பாரவூர்திகளுக்கும் தூரப் பயண பஸ்களுக்கும் நடுவே சரக்குக் கட்டிக்கொண்டு போகிறவருக்குக் காதில் பாட்டு எதற்கு? பின்னால் வரும் ஹோர்ன் கேட்டால் போதும்.

காருக்கு வேறொரு சிக்கல், இது நமது வியாபாரிகளுக்குக் காசு தரக்கூடிய சிக்கல். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களின் பழைய வானொலிகள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நமது எப்.எம். நிலையங்கள் 88 முதல் 108 வரை. ஆக, அடிப்பக்கத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் கேட்கும், மிச்சம் கேட்காது. இதை வானொலி பழுது என்று நினைத்துக்கொண்டு, செய்மதி வானொலி போட்டால் தீரும் என்று நினைப்பவர்களும் உண்டு. தீர்வு சின்னது. அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் ஒரு சிறு பெட்டியை அன்ரெனா வயரில் பூட்டலாம். அல்லது பழைய செட்டைக் கழற்றிவிட்டு, 108 வரை பிடிக்கிற, புளூடூத் உள்ள செட் ஒன்றைப் போடலாம். கையடக்கத் தொலைபேசியில் இணைய வானொலியைத் திறந்து அதில் கேட்டால் கனடா நண்பர் கேட்பதைவிடக் கூடுதலான தமிழ் நிலையங்கள் கேட்கும். கடையில் விற்பதற்கு எதையாவது எடுப்பதானால் இதை எடுங்கள். இது யாருடைய சந்தாவையும் நம்பி நிற்பதல்ல.

தொலைபேசியில் கேட்டால் டேட்டா முடிந்துவிடுமே என்பார்கள். கணக்குப் பார்ப்போம். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலி மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் எடுக்கும். கடை திறந்திருக்கும் 10 மணித்தியாலமும் ஓடவிட்டால் நாளுக்கு 290. மாதம் 26 நாளுக்கு ஏழரை கிகாபைட். அந்த அளவுக்கு உங்கள் பொதி என்ன விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனிச் சந்தாவும் தனிப் பெட்டியும் வேண்டுமா என்ற கேள்விக்கு அதிலேயே பதில் கிடைக்கும்.

வீட்டுக்குச் செய்மதி வழியாகத்தான் வானொலி வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், கூரையில் ஏற்கனவே இருக்கும் தொலைக்காட்சித் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தூர்தர்ஷனின் டீ.டீ. ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. அதில் அகில இந்திய வானொலியின் பல அலைவரிசைகள் தொலைக்காட்சியோடு சேர்ந்து வருகின்றன. மாதச் சந்தா கிடையாது. ஒருமுறை தட்டும் பெட்டியும் வாங்கினால் சரி. கட்டண இந்தியத் தட்டுகளின் கதை வேறு. அவை இந்தியாவுக்கென்று உரிமம் பெற்ற சேவைகள். இங்கே காசு வாங்கி மீள்நிரப்பிக் கொடுக்கும் வியாபாரம் வடக்கில் நன்றாக நடக்கிறது என்பதை நான் அறிவேன். நாளைக்கு அந்தக் கம்பனி இலங்கைப் பக்கத்துக் கார்டுகளை நிறுத்தினால் யாரிடம் போய்க் கேட்பது?

வாடிக்கையாளர் உங்களிடம்தான் வருவார். இந்த இடத்தில்தான் நமது வியாபாரிகள் நின்று யோசிக்க வேண்டும். கொடிகாமம் சந்தைக்கு வரும் விவசாயிக்கு வாஷிங்டனில் இருக்கும் கம்பனியைத் தெரியாது, சென்னையில் இருக்கும் கம்பனியையும் தெரியாது. உங்கள் முகத்தைத்தான் தெரியும். பெட்டியை விற்றதில் வரும் இலாபம் உங்களுடையது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருடச் சந்தா என்று முன்கூட்டி வாங்கும் பணம் முழுதாக உங்களுடையதும் அல்ல, முழுதாகக் கம்பனியுடையதும் அல்ல. சேவை மாதாமாதம் போய்ச் சேரும்வரை அது அமானிதம். ஏ9 வீதி திறந்த பிறகு புத்தளத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் துணியும் பாத்திரமும் மின்சாதனமும் கொண்டுபோய் வடக்கில் மீண்டும் பேர் எடுத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு, வேற்றூர்க் கம்பனி ஒன்று மூடியதற்காகத் தமது பேரைக் கெடுத்துக்கொள்ளும் வசதி இல்லை.

எனவே சேவையோடு சேர்ந்த சாமான் எதை விற்றாலும், பற்றுச்சீட்டில் பெட்டியின் விலையை ஒரு வரியிலும் சந்தாவை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். சேவை யாருடையது என்று பெயரையும் எழுதுங்கள். வருடத்துக்குக் கட்டினால் கழிவு கிடைக்கும் என்று முகவர் ஆசைகாட்டினாலும், புதிய கம்பனியென்றால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்த பிறகு, பற்றுச்சீட்டு கேட்பவருக்குக் கொடுக்க மறுக்கும் காலம் மலையேறிவிட்டது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தபின், அந்தத் தட்டை விற்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன கேள்விகளையே அதற்கும் கேளுங்கள். அனுமதியோடு வந்த சேவை என்பதால் முதல் இரண்டுக்கும் பதில் உண்டு. மூன்றாவதுக்குப் பதில், அந்தத் தட்டு வேறெந்தச் சேவைக்கும் உதவாது என்பதுதான்.

செய்மதி வானொலியை முற்றாகப் பயனற்றது என்று தள்ளிவிடவும் கூடாது. சுனாமிக்குப் பிறகு சர்வோதயமும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, கரையோரக் கிராமங்கள் 32இல் அபாய எச்சரிக்கையை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று பரீட்சித்தபோது, பாவித்த கருவிகளில் வேர்ல்ட் ஸ்பேஸ் பெட்டியும் ஒன்று. குறிப்பிட்ட பெட்டிகளுக்கு மட்டும் செய்தி அனுப்பும் வசதி அதில் இருந்தது. தொலைபேசிக் கோபுரம் விழுந்தாலும் வானத்திலிருந்து வரும் ஒலி விழாது. திருப்பிப் பேச முடியாது என்பது அதன் குறை, செய்தி கிடைத்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அப்படியான வேலைக்கு அரசாங்கமோ பெரிய நிறுவனமோ காசு போட வேண்டும். கடைக்காரரும் வாடிக்கையாளரும் தலைக்குத் தலை சந்தா கட்டித் தாங்கக்கூடிய சுமை அல்ல அது.

கடைசியாக ஒன்று. பழைய வேர்ல்ட் ஸ்பேஸ் பெட்டிகள் இன்னும் பாவித்த சாமான் கடைகளில் தலைகாட்டலாம். செய்மதி வானொலி, சந்தா இல்லாமலே வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் முதலில் வந்த ஹிட்டாச்சி, சான்யோ வகைகளில் எப்.எம்., மத்திய அலை, சிற்றலை எல்லாம் உண்டு. பின்னால் வந்த மலிவு வகைகள் பலவற்றில் செய்மதி அலையைத் தவிர ஒன்றும் இல்லை. கையில் எடுத்தால் எப்.எம். பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பழைய வானொலிக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் இரும்பு விலை.