அது அப்படித்தான் இருக்குமாம்!

ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குக் கார் வாங்கித் தருவதில் நம்மைப் போல வெளிநாட்டு ஆசாமிகள் ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஆட்டோமேட்டிக். ரோடு மோசம், அதனால் எஸ்யூவி. லீவுக்கு நாம் போய் இறங்கினால் ஆறு பெட்டி வைக்க வேண்டும், அதனால் பெரிய டிக்கி. கலரை அம்மா பார்த்துக்கொள்வாள். கியர்பாக்ஸ் என்ன வகை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "ஆட்டோமேட்டிக்தானே, அதில் என்ன வகை?" என்கிறார்கள். அதில்தான் சார் எல்லாமே இருக்கிறது.

கல்பாத்தியில் என் அத்திம்பேர் வாங்கிய வண்டிக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகவில்லை. (கம்பெனி பேர் வேண்டாம். நான் சொல்ல வந்தது ஒரு கம்பெனியைப் பற்றி மட்டும் இல்லை.) டர்போ பெட்ரோல், ஏழு கியர், டூயல் கிளட்ச். நவம்பரில் தேருக்குப் போயிருந்தபோது பத்து நாள் நான்தான் ஓட்டினேன். ஓட ஆரம்பித்துவிட்டால் வெண்ணெய் மாதிரி போகிறது. நின்று கிளம்புவதில்தான் வினை. சந்திரநகர் பக்கம் ஹைவேயில் ஏறுவதற்கு, லாரிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி பார்த்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஒரு விநாடி ஒன்றுமே நடப்பதில்லை. பாதி ரோட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்புறம் திடீரென்று பாய்கிறது. ஒரு விநாடிதானே என்று சொல்லலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற லாரி அந்த ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கிட்டே வந்துவிடும்.

சாத்தபுரம் பக்கம் தேர்க்கூட்டத்தில் அரைமணி ஊர்ந்தபோது, டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று திரையில் எழுத்து வந்தது. உடுமலை, சின்னார் வழியாக மூணாறு போனோம். மறையூர் தாண்டி ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஒரு உதறல். பின்சீட்டில் அக்கா வாயைத் திறக்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பேசாமல் வருவது எங்கள் குடும்பத்தில் பெரிய செய்தி :-)

சர்வீஸ் சென்டரில் மூன்று தடவை காட்டியாகிவிட்டது. மூன்று தடவையும் ஒரே பதில்: "அது அங்ஙனெயா சாரே." அது அப்படித்தான் இருக்குமாம். கடைசி தடவை, "சார் ஓட்டற ஸ்டைல் கொஞ்சம் மாத்தணும்" என்று வேறு சொல்லி அனுப்பினார்களாம். அத்திம்பேர் அம்பாசடரில் கற்றுக்கொண்டு நாற்பது வருஷமாக ஓட்டுகிறவர். மனுஷருக்கு அந்த வார்த்தைதான் சுட்டுவிட்டது. வயசாகிவிட்டதோ, காலில் வேகம் குறைந்துவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது இதில்தான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில், டார்க் கன்வர்ட்டர் என்பார்கள், இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. ஊர்ந்து போனால் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும். டூயல் கிளட்ச் வகையில், நம் மேனுவல் வண்டி போலவே தேய்கிற கிளட்ச், அதுவும் இரண்டு. ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. பிடிப்பதும் விடுவதும் கம்ப்யூட்டர். ஊர்ந்து போகும்போதெல்லாம் அது ஹாஃப் கிளட்ச்சில் நிற்கிற மாதிரி. உலர் கிளட்ச்சாக இருந்தால், பாலக்காட்டு ஏப்ரலில், 40 டிகிரியில், சூடு சீக்கிரம் ஏறும். கம்ப்யூட்டர் கிளட்ச்சைக் காப்பாற்றப் பார்க்கும். நமக்கு அது தயக்கமாகத் தெரியும். சின்ன டர்போ இன்ஜின் மூச்சு பிடிப்பதற்குள் ஆகிற தாமதமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

இது நம் ஊர்க்காரர்களின் கற்பனை இல்லை. 2013 மார்ச்சில் ஃபோக்ஸ்வேகன் சீனாவில் டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்காக 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2016-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 81,000 டூசான்களைத் திரும்ப அழைத்தது. நின்று கிளம்பும்போது மிதித்தாலும் நகர மறுக்கலாம் என்பதுதான் குறை. சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். டூசான் குடும்ப எஸ்யூவிதான். அங்கே "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை, பார்த்தீர்களா?

நான் இருக்கிற ஆஸ்திரேலியாவில் இன்னும் சுவாரசியம். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச், ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட்டில் வந்தது, உதறுகிறது என்று வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பியது கம்பெனி. (எங்கேயோ கேட்ட வசனம்!) நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் ஒரு கோடி டாலர் அபராதம் போட்டது. உதறலைவிட, புகார் சொன்னவர்களை நடத்திய விதத்துக்குத்தான் அந்த அபராதம் என்பதைக் கவனிக்க வேண்டும். மறைமலை நகரில் செய்த ஈகோஸ்போர்ட்டிலும் 2013 முதல் அதே பவர்ஷிஃப்ட் இருந்தது. 2017-இல் டார்க் கன்வர்ட்டருக்கு மாற்றினார்கள்.

இங்கே 2011 முதல் இருக்கிற நுகர்வோர் சட்டப்படி, பெரிய குறை என்று நிரூபித்தால் பணமா, வேறு வண்டியா என்று வாங்கினவர் கேட்கலாம். நிரூபிப்பதற்குள் நாக்கு தள்ளும், அது வேறு கதை. இந்தியாவில் வண்டிக்கென்று அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். குறை தெரிந்ததிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒரு நல்ல மாற்றம், குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி ஆபீஸ் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். ஆனால் தயாரிப்புக் குறை என்றால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். அதற்குக் காகிதம் வேண்டும்.

பேங்க்காரன் புத்தி, காகிதம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்திம்பேரின் மூன்று ஜாப் கார்டையும் வாங்கிப் பார்த்தேன். முதலில் "பொதுச் சோதனை". ரெண்டாவதில் "வாட்டர் வாஷ்". மூன்றாவதில் "வாடிக்கையாளர் திருப்தி", கீழே அத்திம்பேர் கையெழுத்து! தயங்குகிறது என்று ஒரு வரி கிடையாது. எங்கள் தொழிலில் எழுதாதது நடக்காதது. இதில் வண்டி வேறு பேங்க் பேரில் அடமானம். கியர் தயங்கும், இஎம்ஐ தயங்காது.

ஆகவே, ஊருக்குப் பணம் அனுப்புமுன் ஷோரூமுக்கு ஒரு போன் போட்டு, டார்க் கன்வர்ட்டரா, சிவிடியா, டூயல் கிளட்ச்சா, ஏஎம்டியா என்று கேளுங்கள். காலி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் எதற்கும் உதவாது. சாயங்கால நெரிசலில், நான்கு பேர் உட்கார்ந்து, ஏசி போட்டு, ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டப்போகிற பெரியவரே ஓட்டட்டும், தம்பி வேண்டாம். என்னைக் கேட்டால் அறுபது தாண்டியவர்களுக்கு மைலேஜ் கொஞ்சம் போனாலும் டார்க் கன்வர்ட்டர்தான். ஏஎம்டி மலிவு, ஆனால் ஒவ்வொரு கியருக்கும் தலையாட்டும். வாங்கியாகிவிட்டது என்றால், ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காமல் பிரேக்கில் நிற்கச் சொல்லுங்கள். கிளட்ச்சுக்குக் கொஞ்சம் ஆயுசு கூடும்.

அத்திம்பேர் வருகிற திங்கட்கிழமை நான்காவது தடவை போகிறார். தேதி, கிலோமீட்டர், எந்த இடத்தில் எத்தனை விநாடி என்று ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஜாப் கார்டில் அது ஏறாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று அக்காவையும் கூடப் போகச் சொல்லியிருக்கிறேன்.