ஜாக்கெட் மேலா, உள்ளா?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போயிருக்கிறீர்களா? கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போட்டதும் நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்கும் கேள்வி, "ஜாக்கெட் துணி உண்டா?" என்பதுதான். "புடவையோடயே நெய்திருக்கம்மா!" என்று அவர் கரையின் நிறத்திலேயே இருக்கும் முக்கால் மீட்டர் சொச்சத்தை விரித்துக் காட்டுவார்.

இதே ஜாக்கெட்டை லண்டன் கடையில் கேட்டுப் பாருங்கள். குளிருக்குச் சட்டையின் மேல் போட்டுக்கொள்ளும் குட்டைக் கோட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள்! பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்குப் போன சொல் அது. புத்தகத்தின் மேலுறையும் அவர்களுக்கு ஜாக்கெட். உருளைக்கிழங்கின் தோலும் ஜாக்கெட். எதுவானாலும் வெளியே இருக்க வேண்டும். நம்மிடம் வந்ததும் அது தலைப்புக்கு உள்ளே போய்விட்டது. பாட்டி ரவிக்கை என்றாள், அம்மா ஜாக்கெட் என்றாள், மகள் பிளவுஸ் என்கிறாள். (பிளவுஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரெஞ்சுத் தொழிலாளி போட்டுக்கொண்ட தொளதொளச் சட்டைக்குப் பெயர் அது!)

வேடிக்கை இருக்கட்டும். இந்த ஜாக்கெட் ஒரு சமயம் ராஜாங்க உத்தரவிலேயே ஏறியிருக்கிறது, தெரியுமா? இன்றைய கன்னியாகுமரி ஜில்லா அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் குலப் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. அது மேல் ஜாதிப் பெண்களின் உரிமையாம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற தைத்த சட்டையை அணிந்தார்கள். இங்கிலீஷ் ஆவணங்களில் அதற்குப் பெயர்தான் ஜாக்கெட். 1829-ல் வந்த உத்தரவு, 'குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது' என்றது. அப்பெண்கள் கேட்கவில்லை; சீலையும் போட்டார்கள். தெருவிலும் சந்தையிலும் அதைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன.

கடைசியில் 1859-ல் மகாராஜா ஒரு பிரகடனம் செய்தார். நாடார் பெண்கள் எல்லோருமே கிறிஸ்தவப் பெண்களைப் போல ஜாக்கெட் போடலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மேலே மூடிக்கொள்ளலாம். மேல் ஜாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது!

கடைக் கண்ணாடி முன் நின்று பட்டுத் தலைப்பைத் தோளில் போட்டு அழகு பார்க்கிறீர்களே, அம்மணி, அது கூடாது!