பேழையும் படமும்

பொருளைக் காப்பதற்காகப் பேழை செய்யப்படுகிறது. அந்தப் பேழையைக் காப்பதற்கென்று மற்றோர் உறை வாங்கப்படும்போது, உண்மையில் காக்கப்படுவது எது என்னும் கேள்வி எழுகிறது. திரைப்பட வட்டுகளைச் சேகரிப்போரிடம் பல நாடுகளில் வளர்ந்துள்ள 'ஸ்டீல்புக்' ஆர்வம், இக்கேள்வியைக் கூர்மையாக முன்வைக்கிறது.

எஃகில் அமைந்த கலை

டிவிடி, புளூரே முதலிய திரைப்பட வட்டுகளை வைப்பதற்காக மெல்லிய எஃகுத் தகட்டால் செய்யப்படும் பேழையின் வணிகப் பெயரே ஸ்டீல்புக். 1996ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகமான டிவிடி, பெரும்பாலும் எளிய நெகிழிப் பெட்டியிலேயே விற்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிற்குப் பின் எஃகுப் பேழை சந்தைக்கு வந்தது. 2006இல் புளூரே அறிமுகமானபின் அதன் செல்வாக்குப் பெருகியது.

நெகிழிப் பெட்டியில் அச்சிட்ட தாள் செருகப்படும். எஃகுப் பேழையிலோ ஓவியம் தகட்டின்மீதே அச்சேறுகிறது. எழுத்துகள் புடைத்தோ குழிந்தோ நிற்கும். ஓரிடம் பளபளக்க, மற்றோரிடம் ஒளி மங்கி அமையும். சிற்சில இடங்களில் உலோகத்தின் இயல்பான மினுக்கமே வண்ணமாகும். பேழையைத் திறந்தால், வட்டினைத் தாங்கும் ஒளிபுகும் நெகிழித் தட்டின் பின்னே உட்புறம் முழுவதையும் நிறைக்கும் காட்சியொன்று விரியும். தென்கொரியா, செக் குடியரசு முதலிய நாடுகளில், வரிசை எண்ணிட்ட பதிப்புகள் சிறுநூல், படஅட்டைகள், அசைத்தால் காட்சி மாறும் மேலுறை ஆகியவற்றுடன் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படுகின்றன. இவற்றை வடிவமைப்போரின் உழைப்பு, நூலுக்கு அட்டை வரையும் ஓவியரின் உழைப்பிற்குச் சற்றும் குறைந்ததன்று.

விருப்பத்தின் நியாயம்

விரும்பிய படத்தை இணையத்தில் நொடியில் காணக்கூடிய காலத்தில் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்போர் உண்டு. அக்கேள்விக்குச் சேகரிப்பாளரிடம் தகுந்த விடை இருக்கிறது. இணையத் திரைத்தளத்தில் இன்றுள்ள படம், ஒப்பந்தக் காலம் முடிந்தவுடன் மறைந்துவிடலாம். பணம் செலுத்தி 'வாங்கிய' படமும் பெரும்பாலும் உடைமை ஆவதில்லை. பார்ப்பதற்கான உரிமமே கிடைக்கிறது. நிலையாகத் தரவிறக்கிக்கொள்ள இயலாத மின்பொருளை, அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்னும் சொல்லால் விற்கக் கூடாது என அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியுள்ளது. அச்சட்டம் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

வட்டு அவ்வாறன்று. வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம், மறுவிற்பனை செய்யலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். ஆயினும், வட்டுகளின் சந்தை சுருங்கி வருகிறது. 1998 முதல் அமெரிக்காவில் அஞ்சல்வழியே டிவிடிகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், அப்பணியை 2023 செப்டம்பரில் நிறுத்தியது. இத்தகைய சூழலில், வட்டினை விரும்பி வாங்குவோர் இருப்பதனாலேயே பல பழைய படங்கள் செப்பம் செய்யப்பட்டு மீண்டும் வெளிவருகின்றன.

இழப்பு உணர்த்தும் பாடம்

படங்கள் மக்கள் கையில் இல்லாத காலம் எத்தகைய இழப்பைத் தந்தது என்பதற்கு வரலாறு சான்று கூறுகிறது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் உருவான ஏறத்தாழ 11,000 முழுநீள ஊமைப்படங்களுள், வெளியான வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே என அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களும், ஓடிமுடிந்த படத்திற்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் இவ்விழப்பிற்குக் காரணங்கள். தமிழும் இத்துயரிலிருந்து தப்பவில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இன்று காணக் கிடைக்கவில்லை.

இதனால், வீட்டு அலமாரியில் உள்ள வட்டுகளே ஆவணக்காப்பகம் ஆகிவிடும் என்று கருதுதல் பிழை. வட்டில் இருப்பது மூலப்படத்தின் சுருக்கப்பட்ட படி. மூலச்சுருள்களைக் குளிரும் ஈரப்பதமும் அளவோடு பேணப்படும் அறைகளில் காக்க வேண்டும். அப்பணிக்கென்றே 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டது. சேகரிப்பாளர் அப்பணிக்குத் துணைநிற்கலாம். அதற்கு மாற்றாக இயலாது.

வரம்பை வகுப்பது யார்?

சேகரிப்பின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஒரு பழங்காசு அரிதாவதற்குக் காலம் காரணம். எஃகுப் பேழை அரிதாவதற்கு விற்பனைத் திட்டம் காரணம். அச்சுக்கூடம் நினைத்தால் மீண்டும் ஆயிரம் படிகளை உருவாக்க இயலும்; 'வரம்பிற்குட்பட்ட பதிப்பு' என்னும் அறிவிப்பே அதனைத் தடுக்கிறது. தவறவிடக் கூடாது என்னும் பதற்றம் வாங்குவோரிடம் தோன்றுகிறது. அதனைப் பயன்படுத்திப் பலமடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்வோரும் தோன்றுகின்றனர். படத்தின்மீது அன்பு கொண்டவர் வெளியே நிற்க, விலையின்மீது கண்வைத்தவர் பேழையை எடுத்துச் செல்கிறார்.

இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. ஒரே படத்திற்கு மூன்று நான்கு பேழைகள் வாங்கப்படுகின்றன. மூலையில் சிறு நசுங்கல் இருந்தாலும் பேழை திருப்பி அனுப்பப்படுகிறது. கீறல் படாதிருக்க நெகிழி உறை இடப்படுகிறது. இறுதியில், மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சத்தால், ஆலையில் சுற்றிய மெல்லுறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் நிறுத்தப்படுகிறது. உடைமை வளர்கிறது, சுவைத்தல் தேய்கிறது.

திறப்பதே காத்தல்

பிரிக்கப்படாத பேழையின் உள்ளே இருக்கும் ஓவியத்தை அதன் உரிமையாளர் ஒருபோதும் காண்பதில்லை. வெளியே விற்பனைக்காக வரைந்த கலைஞர், உள்ளே பார்வையாளருக்காக வரைந்திருக்கிறார். அந்தப் பார்வையாளர் வந்து சேரவே இல்லை. உள்ளிருக்கும் வட்டு பழுதின்றி ஓடுமா என்பதும் ஓட்டிப் பார்க்காதவர்க்குத் தெரியாது. காத்துவைத்ததாகக் கருதியது பல ஆண்டுகளுக்குமுன்பே பயனற்றுப் போயிருக்கலாம்.

ஆகவே, அழகிய பேழையை விரும்புவது குற்றமன்று. அழகைப் போற்றுவதும் கலையுணர்வே. ஆனால், அவ்விருப்பம் பேழையோடு நின்றுவிடலாகாது. நூறு பேழைகளை மூடிவைத்தவரைவிட, பத்துப் படங்களைத் திறந்து பார்த்து, நண்பரையும் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் காட்டியவரே சிறந்த சேகரிப்பாளர். ஒரு படம் எஃகினால் மட்டும் நிலைப்பதில்லை. மீண்டும் மீண்டும் பார்க்கும் கண்களாலும், பார்த்ததைப் பிறரிடம் பகிரும் மனங்களாலும் நிலைக்கிறது. கைபட்டுக் கைபட்டுக் கீறல் விழுந்த பேழை, தன் பணியைச் செய்து முடித்த பேழையாகும்.