புல்லை வெட்டுவோம், பூண்டோடு அழிக்க வேண்டா!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

தூய்மை வேறு, வெறுமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் நம் பொது இடங்களில் வேரூன்றிவிட்டது. கல்லூரி விழா நெருங்கினாலும், ஆய்வுக் குழு வருவதாக இருந்தாலும், நாம் முதலில் செய்வது வளாகத்துப் புல்லை மண்வெட்டியால் ஒட்டச் செதுக்குவதுதான். மண் பளிச்சிடுகிறது, மகிழ்கிறோம். அங்கே வாழ்ந்தவை எவை என எண்ணிப் பார்த்தோமா?

வடகிழக்குப் பருவமழை பொழியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில்தான் தும்பை, கீழாநெல்லி, குப்பைமேனி, வெட்டுக்காயப் பூண்டு முதலியன நம் மண்ணில் செழிக்கின்றன. அவற்றின் பூக்களைத் தேடித் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. முற்றிய புல்விதையை உண்ணச் சில்லைகள் கூட்டமாக இறங்குகின்றன. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சி புழுக்களையே.

புல்லின் வளர்முனை தரையை ஒட்டி இருப்பதால் அது வெட்ட வெட்டத் தழைக்கும். தும்பை போன்றவற்றுக்கோ வளர்முனை தண்டின் நுனியில் இருக்கிறது. அடிக்கடி வெட்டினால் அவை பூக்கவும் வழியில்லை, விதைக்கவும் வழியில்லை. நாளடைவில் அறுகும் கோரையுமே மிஞ்சும். செய்முறை வகுப்புக்கு ஒரு தும்பைச் செடி வேண்டுமென்றால் மதிலுக்கு வெளியே சென்று தேடும் நிலை தாவரவியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமை தருவதா?

"புல் வளர்ந்தால் பாம்பு வருமே!" என்பார்கள். நியாயமான அச்சமே. இருட்டிய பின் விடுதிக்கு நடந்து செல்லும் மாணவியின் பாதுகாப்பைவிடத் தும்பைப்பூ பெரிதன்று. எனவே நடைபாதை, விடுதி, வகுப்பறைகளைச் சுற்றியுள்ள இடம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றில் புல் எப்போதும் குட்டையாகவே இருக்கட்டும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்கட்டும். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத மதிலோரத்தையும் மொட்டையடிக்க வேண்டுமா? விதை உதிரும்வரை, அதாவது தை மாதம்வரை, அதை விட்டுவைக்கலாம். பின்னர் பாதியை முதலிலும், மீதியை இரண்டு மூன்று வாரம் கழித்தும் அரிவாளால் அறுக்கலாம். பூச்சிகளுக்குப் புகலிடம் கிடைக்கும். அக்கம்பக்கத்து மாடுகளுக்குத் தீவனமும் கிடைக்கும்.

பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்னும் அமைப்பு, மே மாதத்தில் புல் வெட்டாதிருக்கும்படி 2019 முதல் மக்களை வேண்டிவருகிறது. அங்கே மே என்பது வசந்தம். இங்கே கத்திரி வெயில். அவர்களிடமிருந்து நாம் கொள்ள வேண்டியது கருத்தை; மாதத்தை அன்று. நமக்குரிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையுமே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆயினும் இப்பாடத்தை எனக்கு முன்பே அறிந்தவர் என் தாயார். மாட்டுக்குப் புல் அறுக்கும் அவர், இன்று ஒரு வரப்பை அறுத்தால் அடுத்த வரப்பை விட்டுவைப்பார். நாளைக்கும் புல் வேண்டுமன்றோ?

நண்பர்களே, வரும் மழைக்காலத்தில் மதிலோரம் ஒரு பகுதியை மட்டும் செதுக்காமல் விட்டுப் பார்ப்போம். அங்கே முளைப்பவற்றையும் வந்து செல்பவற்றையும் தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் மாதந்தோறும் பதிவேட்டில் எழுதி வரட்டும். அப்பதிவேட்டைப் பார்த்தபின் ஆசிரியப் பெருமக்கள் முடிவு கூறட்டும். ஆய்வுக் குழுவுக்குக் காட்ட, வெறும் மண்ணைவிட அது மேலானதாகவே இருக்கும்.