பிழைகள் யார் கணக்கில்? மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கரின் 42 ஆட்டங்கள்

அமெரிக்க பேஸ்பால் பதிவேடுகளில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற பெயருக்கு நேரே ஒரேயொரு வரிதான் இருக்கிறது. ஆண்டு 1884, அணி டொலிடோ புளூ ஸ்டாக்கிங்ஸ், 42 ஆட்டங்கள், மட்டை பிடித்தது 152 முறை, ஹிட்டுகள் 40, ஓட்டங்கள் 23, மட்டை சராசரி 0.263, ஹோம் ரன் ஏதுமில்லை. மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில் அவருடைய வரலாறு இவ்வளவே. அதே ஆண்டில் அதே அணிக்குச் சில ஆட்டங்கள் ஆடிய அவருடைய தம்பி வெல்டி வாக்கருக்கும் அதுவே முதலும் முடிவும். அதன் பின் 1947 வரை, கறுப்பினத்தவர் என வெளிப்படையாக அறியப்பட்ட ஒருவரின் பெயரும் வெள்ளையர் நடத்திய அந்த லீகுகளின் ஏட்டில் ஏறவில்லை.

இந்த ஒற்றை வரியை எவ்வாறு வாசிப்பது என்பது பேஸ்பால் இரசிகர்களின் கவலை மட்டுமன்று. மதிப்பெண்ணையும் தரவரிசையையும் முன்வைத்து "தகுதி எங்கே?" என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு நாள்தோறும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். எண்கள் பொய் சொல்வதில்லை என்பார்கள். எண்ணை எழுதியவர் யார், எந்த நிலைமையில் எழுதினார் என்று கேட்பது வழக்கறிஞர்களாகிய எங்கள் தொழில். அக்கேள்வியை வாக்கரின் வரியிடம் கேட்டுப் பார்ப்போம்.

சட்டம் பயின்ற கேட்சர்

வாக்கர் 1856இல் ஒஹாயோ மாநிலத்தின் மவுண்ட் பிளசன்ட் என்னும் ஊரில் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் படித்து, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பட்டம் பெறுமுன்னரே தொழில்முறை ஆட்டம் அவரை அழைத்துக்கொண்டது. அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 1879இல், வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்பவர் ஒரேயோர் ஆட்டம் ஆடினார். அவர் அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்தவர் என்பதை ஆய்வாளர்கள் மிகப் பிற்காலத்தில் கண்டறிந்தனர். ஆனால் அவர் வெள்ளையராகவே அறியப்பட்டு வாழ்ந்தவர். சாதியை மறைத்து நகரத்தில் வாடகை வீடு பிடித்த தலைமுறைகளைக் கண்ட நமக்கு ஒயிட்டின் மௌனத்தை விளக்கத் தேவையில்லை. வாக்கருக்கு அந்த மறைவிடம் இல்லை. அவர் கறுப்பினத்தவராகவே களத்தில் நின்றார்.

கேட்சர் என்பவர் ஏறத்தாழ நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர். பந்தெறியும் பிட்சருக்கு நேரெதிரே, மட்டையாளருக்குப் பின்னால் இருப்பவர். அடுத்த பந்து எத்தகையது என்று சைகை காட்டுவது பெரும்பாலும் அவர் வேலை. அக்காலத்தில் பிட்சர் 50 அடித் தொலைவிலிருந்தே எறிந்தார். இன்றுள்ள தடித்த கையுறை அன்று இல்லை; வெறுங்கையாலோ மெல்லிய தோலுறையாலோ பந்தைத் தடுக்க வேண்டும். விரல் முறிவதும் விலா முறிவதும் இயல்பு. வாக்கரின் ஆண்டும் காயங்களோடு கழிந்தது. 104 முடிவுகள் கண்ட தொடரில் அவர் 42 ஆட்டங்களோடு நின்றதற்கு அதுவே முதற்காரணம். அப்படியும் மட்டை சராசரியில் தம் அணியின் முதல் மூவருள் ஒருவராக இருந்தார்.

ஆனால் பந்து தடுப்பில் அவர் கணக்கு நன்றாக இல்லை. தவறவிட்ட பந்துகளும் பிழைகளும் மிகுதி. சூழல் அறியாத ஒருவர் ஏட்டைப் புரட்டினால், "மட்டை பரவாயில்லை, கேட்சராகத் தேறவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

காட்டிய சைகையும் வந்த பந்தும்

டொலிடோ அணியின் முதன்மைப் பிட்சர் டோனி முல்லேன். அவ்வாண்டு அணி வென்ற 46 ஆட்டங்களில் 36 வெற்றிகள் அவர் பெயரில் உள்ளன. அந்த முல்லேன் முதுமையில் கூறியது 1919இல் நியூயார்க் ஏஜ் என்னும் கறுப்பின இதழில் வெளிவந்தது. தாம் சேர்ந்து ஆடியவர்களுள் வாக்கரே மிகச் சிறந்த கேட்சர் என்று அவர் ஒப்புக்கொண்டார். கறுப்பினத்தாரைத் தமக்குப் பிடிக்காது என்பதால், வாக்கர் காட்டிய சைகைகளைப் பாராமல் விருப்பம்போல் எறிந்ததையும் சொன்னார்.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு பந்து வரும் என எதிர்பார்த்து ஒருவர் வெறுங்கையோடு காத்திருக்கிறார். 50 அடித் தொலைவிலிருந்து வேறொரு பந்து வருகிறது. கை பிளக்கிறது, பந்து நழுவுகிறது. ஆட்டக் கணக்கர் ஏட்டைத் திறக்கிறார். கேட்சர் தடுத்திருக்க வேண்டிய பந்து என்று அவர் கருதினால் பிழை கேட்சருடையது. தடுக்கவே இயலாத எறி என்று கருதினால் பிட்சருடையது. சைகை என்னவாக இருந்தது என்பதை எழுத அந்த ஏட்டில் கட்டம் இல்லை. ஆகவே முல்லேன் இழைத்த அநீதி, வாக்கரின் திறமைக் குறைவாகப் பதிவாக வழியிருந்தது. தீர்ப்பு 1884இல் எழுதப்பட்டது. ஒப்புதல் வாக்குமூலம் 35 ஆண்டுகள் கழித்து வந்தது. மேல்முறையீடு இன்றுவரை இல்லை.

அவருடைய முதல் ஆட்டத்தையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1884 மே 1 அன்று லூயிவில் நகரில் ஆடிய அவர் ஒரு ஹிட்டும் பெறவில்லை. நான்கு பிழைகள் செய்தார். அதே லூயிவில்லில்தான் 1881இல் வேறோர் அணியோடு சென்றபோது, அவர் நிறத்தைக் காரணம் காட்டி ஆடவிடாமல் தடுத்தனர். மூன்றாண்டுகள் கழித்து அதே கூட்டத்தின் முன் நின்றவரின் கை நடுங்கியதா என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நான்கு பிழைகளை மட்டும் சொல்லும்.

எழுதப்படாத சட்டம்

1883 ஆகஸ்ட் 10 அன்று சிகாகோ அணி டொலிடோவுக்கு வந்தது. அதன் தலைவர் கேப் ஆன்சன், வாக்கர் களமிறங்கினால் தம் அணி ஆடாது என்றார். கைக்காயத்தால் அன்று ஓய்வெடுக்க வேண்டிய வாக்கரை டொலிடோ மேலாளர் சார்லி மார்ட்டன் வேண்டுமென்றே களத்தில் இறக்கினார். ஆட மறுத்தால் நுழைவுக் கட்டணப் பங்கு கிடைக்காது என்றார். ஆன்சன் ஆடினார். இனவெறி பணத்துக்கு முன் பின்வாங்கிய நாள் அது.

இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 15 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1875ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் மையப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. விடுதி, போக்குவரத்து, அரங்கு ஆகியவற்றில் கறுப்பினத்தாருக்குச் சம நுழைவு அளித்த சட்டம் அது. அரசு காட்டும் பாகுபாட்டையே அரசியல் சாசனத்தின் 14ஆம் திருத்தம் தடுக்கும். தனியார் காட்டும் பாகுபாடு அதன் வரம்புக்குள் வராது என்றது நீதிமன்றம். பேஸ்பால் அணிகள் தனியாருடையவை. வாக்கர் பெருங்களத்துக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் சட்டம் நிற்கவில்லை. 1884 இலையுதிர்காலத்தில், ரிச்மண்டில் வாக்கர் ஆடினால் 75 பேர் கொண்ட கும்பல் அவரைத் தாக்கும் என்று மார்ட்டனுக்கு மிரட்டல் கடிதம் வந்தது. அந்த ஆட்டத்துக்கு முன்பே அவர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்.

1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீக் அணிகள், இனிமேல் கறுப்பினத்தாருடன் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று ஆறுக்கு நான்கு வாக்குகளில் முடிவெடுத்தன. மேஜர் லீகுகளில் அப்படியொரு தீர்மானமும் எழுதப்படவில்லை. கனவான்களின் உடன்பாடு என்று அதற்குப் பெயர். எழுதாத விதியை எதிர்த்து வழக்குத் தொடுப்பது கடினம் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

எழுத்து இல்லாத இடத்தில் எண்ணே சாட்சியாக முடியும் என்பதையும் அதே காலம் காட்டியது. 1886இல் யிக் வோ எதிர் ஹாப்கின்ஸ் வழக்கில், சான் ஃபிரான்சிஸ்கோவின் சலவைக்கடை உரிமம் பற்றிய விதி சொல்லளவில் நடுநிலையாகவே இருந்தது. ஆனால் விண்ணப்பித்த சீனர் ஏறத்தாழ 200 பேருக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. சீனரல்லாதார் 80 பேர் தடையின்றித் தொழில் நடத்தினர். அந்த எண்களைக் கண்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்துவோரின் கண்ணும் கையும் சமமாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. பேஸ்பாலின் சுழியத்தை அப்படி வாசிக்க எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை. 1884க்கும் 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கியதற்கும் இடைப்பட்ட 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெறுமையே மிகப்பெரிய புள்ளிவிவரம்.

பிற்காலத் திருத்தம்

அவ்வெறுமைக்குள் வாழ்ந்த மற்றொரு கேட்சர் ஜாஷ் கிப்சன். கறுப்பினத்தார் தமக்கென நடத்திய நீக்ரோ லீகுகளில் ஆடி, ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். 1920 முதல் 1948 வரையிலான அந்த லீகுகளையும் மேஜர் லீகுகளாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தனர். 2024 மே மாதம் அவற்றின் எண்கள் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டன. அன்று கிப்சனின் 0.372 என்னும் வாழ்நாள் சராசரி, நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப்பின் 0.367ஐத் தாண்டி நின்றது.

இது எவரும் வழங்கிய சலுகையன்று. கறுப்பின நாளேடுகள் அன்று அச்சிட்ட ஆட்டக் குறிப்புகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்த உழைப்பின் விளைவு. தம் மக்களின் கணக்கைத் தாமே எழுதி வைத்த இதழ்கள் இல்லையென்றால், சேர்ப்பதற்கு எதுவும் இருந்திராது.

நம் ஏடுகள்

நம் நாட்டுக் கிரிக்கெட் ஏட்டிலும் இத்தகைய வரி உண்டு. பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். எண் மறைக்கப்படவில்லை. ஆனாலும் அந்தத் தலித் பந்துவீச்சாளருக்கு இந்துக்கள் அணியின் தலைமை தரப்படவில்லை. எண் குறைந்தால் தகுதி இல்லை. எண் உயர்ந்தால் மரபு இல்லை. இரண்டு வாதங்களும் ஒரே வாயிலிருந்து வருபவை.

சட்டத்தில் நமக்கு வாக்கருக்கு இல்லாத வலிமை உண்டு. அரசியல் சாசனத்தின் 15(2), 17 ஆகிய உறுப்புகள் தனியாரையும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் எண்ணைக் காட்டும் சுமை நம் தோளிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. பதவி உயர்வில் இடஒதுக்கீட்டுக்கு அளவிடத்தக்க தரவு வேண்டும் என்றது 2006ஆம் ஆண்டின் நாகராஜ் தீர்ப்பு. பட்டியலினத்தார் பின்தங்கியவர்கள் என்பதற்கு மீண்டும் தரவு வேண்டியதில்லை என்று 2018இல் ஜர்னைல் சிங் தீர்ப்பு திருத்தியது. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான தரவு இன்னும் தேவைப்படுகிறது. மறுபுறம், தேர்வு மதிப்பெண் ஒருவருக்குப் பின்னால் நிற்கும் சமூக, பொருளாதார வசதிகளைக் காட்டாது என்று 2022 ஜனவரியில் நீல் ஆரேலியோ நூனெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முல்லேன் 1919இல் ஒப்புக்கொண்டதன் சட்ட வடிவம் இது என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு பகுதி கொண்டது. எண்களை வெளியிடுங்கள்: எத்தனை இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன, எத்தனை மாணவர்கள் இடைநின்றனர், நேர்முகத் தேர்வில் யாருக்கு எவ்வளவு மதிப்பெண். அவ்வெண்ணுக்குப் பக்கத்தில் வாக்கரின் ஏட்டில் இல்லாத அந்தக் கட்டத்தையும் சேருங்கள்: பந்தை எறிந்தவர் யார், சைகையைப் பார்த்தாரா? ஆய்வகத்தில் வழிகாட்டி கிடைக்காத மாணவரின் "தோல்வி", தொகுதிக்குள் நுழையவிடப்படாத ஊராட்சித் தலைவரின் "செயலின்மை" ஆகியவை அப்போதுதான் உரியவர் கணக்குக்குப் போய்ச் சேரும்.

வாக்கர் 1889 வரை சிறிய லீகுகளில் ஆடினார். 1908இல், அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்கு வாழ்வில்லை, ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவதே வழி என்று ஒரு நூல் எழுதினார். 1924இல் மறைந்தார். ஸ்டூபன்வில்லில் உள்ள அவர் கல்லறைக்கு 1990 வரை பெயர்க்கல் இல்லை. கல் நட 66 ஆண்டுகள் ஆயின. அவர் பெயரில் எழுதப்பட்ட பிழைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.