கண்ணடிக் கறுப்பும் களிம்பு வியாபாரமும்

இலக்கிய ஏட்டில் முகப்பூச்சைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மனிதரின் முகத்தைப் பற்றிப் பேசாத இலக்கியம் வேறெதைப் பற்றிப் பேசப்போகிறது?

எமது வாரப் பத்திரிகைகளின் பெண்கள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். கண்ணின் கீழ்ப் படியும் கருவளையத்தை மறைப்பது எப்படி என்ற உபதேசம் ஓயாது வந்துகொண்டிருக்கிறது. முதலிற் செம்மஞ்சட் களிம்பு. அது நீலத்தை அடக்கிவிடுமாம். அதன்மேல் தோல் நிறத்தை ஒத்த கொன்சீலர், அதன்மேற் பவுடர். தேய்க்கலாகாது, மோதிர விரலால் ஒற்றவேண்டும். எவ்வளவு நுணுக்கம்! எவ்வளவு கரிசனை! ஆனால், அந்தக் கறுப்பு அங்கே எப்படி வந்தது என்று கேட்பதற்கு அப்பக்கத்தில் ஓரங்குல இடமுங் கிடையாது.

நாம் கேட்கிறோம்.

கண்ணடித் தோல் மிக மெல்லியது. அடியிலுள்ள இரத்த நாளங்கள் அதனூடே தெரியும். உறக்கம் குறைந்தால் முகம் வெளிறி அந்த நீலம் மேலுந் துலங்கும். இரத்தச்சோகையும் அவ்வாறே செய்யும். பலருக்கு, சிறப்பாக எம்போன்ற தென்னாசியருக்கு, பரம்பரையாகவே அவ்விடத்தில் நிறமி கூடுதலாக அமைவதுண்டு. வயதேறக் குழிவிழுந்து நிழல் படிவதுமுண்டு. ஆகவே, கருவளையம் ஒவ்வொன்றும் சுரண்டலின் முத்திரை என்று நாம் வாதிடவில்லை. அது மூடத்தனம். பரம்பரைக் கறுப்பு நோயுமன்று, குற்றமுமன்று. கண்ணுக்கு மைதீட்டிக் கறுப்பை அழகென்று கொண்டாடிய சமூகத்துக்கு, இமைக்கு ஒரு விரற்கடை கீழே அதே கறுப்பு எப்போது இழுக்காயிற்று?

மற்றைய கறுப்பைப் பற்றியே எமது வழக்கு. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள்முதல் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாய் அங்கு வந்து, ஒரே அறையிற் பலராய் முடங்கி, குளிப்பதற்கும் வரிசையில் நின்று, மேலதிக நேரமும் உழைத்து, உலகத்துக்கு உடை தைத்தனர், இன்றுந் தைக்கின்றனர். மலையகத்திலோ கொழுந்தெடுப்பவள் விடியுமுன் அடுப்புமூட்டி, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலையேறி, பொழுதுசாயத் திரும்பி மறுபடியும் அடுப்படியிலே குந்துகிறாள். இவர்களின் கண்ணடியில் இருப்பது அழகுக் குறையா?

கடைப்பெண்ணின் கதை இன்னும் விசித்திரமானது. எமக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி கொழும்பிலே புடைவைக்கடை ஒன்றில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பதை எழுத்துக்கெழுத்து அப்படியே கொள்க. பண்டிகைக் காலத்தில் இரவு பத்துமணிக்குக் கதவடைத்துக் காலையில் மீண்டும் வந்தவளை முதலாளி பார்த்தார். "என்ன பிள்ளை, செத்தவீட்டாலே வந்தமாதிரி நிக்கிறீர்? முகத்துக்கு ஏதும் பூசிக்கொண்டு வாரும். சனம் என்ன நினைக்கும்?" என்றார். பூசுவதற்கான பணம் அவளது சம்பளத்திலிருந்தே போயிற்று. களைப்பைக் கொடுத்தவர் ஒருவர்; அதை ஒளிக்கும் செலவு இன்னொருத்தியுடையது!

கடை, காரியாலய ஊழியருக்கான சட்டம் 1954ஆம் ஆண்டினது. வழமையான வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்கிறது. அதற்கு மேற்பட்டால் மேலதிகக் கூலி. அதே 1954இல்தான் அமெரிக்காவில் மக்ஸ் பக்டர் நிறுவனம் கறை மறைக்கும் குச்சி ஒன்றை 'ஈரேஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. அழித்துவிடு என்பது அதன் பொருள். சட்டம் ஏட்டிலே தூங்குகிறது; களிம்பு கடைதோறும் விழித்திருக்கிறது.

அக்களிம்பில் இருப்பது என்ன? கறையை மூடும் வெண்மைக்குத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைற்று என்னும் கரிய மணல். எமது புல்மோட்டைக் கரையிற் கிடக்கிறதே, அதே மணல்! அதை அகழ்வதற்கென 1957இல் அரசுக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. மணலோ பதப்படுத்தி வெண்ணிறமியாக்கப்படாமலே கப்பலேறிப் போயிற்று. உலகின் வெண்ணிறமியிற் பெரும்பகுதி வர்ணப்பூச்சுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் செல்வது உண்மையே. களிம்புக்குப் போவது சிறுபங்கு. ஆயினும், கறுப்பை மலிவாய் விற்று வெளுப்பை விலைகொடுத்து வாங்கும் இந்த வியாபாரத்தை என்னென்பது? மினுக்கந்தரும் வகைகளிலே மைக்காவும் சேரும். இந்தியாவின் ஜார்க்கண்டில், கொடெர்மா, கிரிடி மாவட்டங்களின் சட்டவிரோதக் குழிகளில் அதைப் பொறுக்கியவர்களிற் குழந்தைகளும் இருந்தனர்; குழி சரிந்து குழந்தைகள் மாண்ட செய்தி 2016இல் உலகுக்குத் தெரியவந்தது.

இவ்வளவு சொன்னதும் எம்மவரிற் சிலர் உற்சாகமாய்த் தலையாட்டுவர். "பூர்ஷ்வா ஆடம்பரம்! பெண்கள் இதை விட்டொழிக்கவேண்டும்" என்பர். பொறுங்கள், தோழர்களே. காலை ஏழுமணிக்கு முதலாளியின் வாய்க்கு அஞ்சிக் கண்ணாடி முன்னே நிற்பவளை நையாண்டி செய்ய நாம் யார்? விரும்பிப் பூசுபவள் பூசட்டும்; அது அவள் முகம். பூசாவிட்டால் வேலையில்லை என்பதே எமக்குப் பகை. மேலும், இரவுக் கூட்டம் முடிந்து பத்துமணிக்கு நீங்கள் வீடு திரும்பும்வரை சோற்றைச் சூடாக்கிக்கொண்டு விழித்திருப்பவள் எவள்? அவள் கண்ணடியை என்றேனும் பார்த்ததுண்டா?

பெண்கள் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு விடயம் தருகிறோம். அடுத்த வாரம் அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலைநேரப் பிரிவை எளிய தமிழில் அச்சிடுங்கள். ஒரு களிம்பு விளம்பரத்தின் அளவு இடம் போதும்.